கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: "சொன்னாங்க, ஆனா புரியல." பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் அரசாங்க கிளினிக்குகளின் மருந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றே என் உத்தியோக காலம் கழிந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். உங்களைப் பரிசோதித்த டாக்டர் சொன்னதற்கு மாறாக இதில் ஏதாவது இருப்பதாகத் தோன்றினால், இந்தப் பக்கத்தை எடுத்துப்போய் அவரிடமே காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால் மூன்றும் உண்டு. டாக்டர் என்ன சொன்னாலும் "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருகிறார். வீட்டில் கேட்டால், "மருந்து கொடுத்திருக்காங்க, சாப்பிடச் சொன்னாங்க" என்பதோடு சரி. வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போக முடியவில்லை அக்கா. என்ன செய்வது?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, அப்பாவுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கிராணிக்கும் துரைக்கும் முன்னால் எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்த தலைமுறை அது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அதே பழக்கம் வந்துவிடுகிறது. டாக்டரின் மலாய் வேகமாக இருக்கும், வெளியில் கூட்டம் காத்திருப்பதும் அப்பாவுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு எழுந்து வருவதைத்தான் அவர் மரியாதை என்று நினைக்கிறார்.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 35.1 விழுக்காட்டினருக்குச் சுகாதாரத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவாக இருப்பது தெரிய வந்தது. மூன்று பேரில் ஒருவர்! டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனே மறந்துபோகிறது என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. பட்டம் வாங்கியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

அப்பாவுக்கு ஒரு அட்டை செய்து கொடுங்கள். அதில் மூன்றே கேள்விகள்: எனக்கு முக்கியமான பிரச்சினை என்ன? நான் என்ன செய்ய வேண்டும்? அதை ஏன் செய்ய வேண்டும்? அமெரிக்காவில் நோயாளிகளுக்காக உருவாக்கிய முறை இது, 'ஆஸ்க் மீ த்ரீ' என்பார்கள். மலாயில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். அப்பா வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. அட்டையை டாக்டர் மேசையில் வைத்து, "என் மகள் எழுதிக் கொடுக்கச் சொன்னாள்" என்றால் போதும். பெரும்பாலான டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள். சாயங்காலம் நீங்கள் வந்து படித்துக்கொள்ளலாம்.

அடுத்தது மருந்து கவுண்டர். அங்கே "ஃபஹாம்?" என்று கேட்டால் எல்லாரும் "ஃபஹாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் "புரிஞ்சுதா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "வீட்டுக்குப் போய் இத எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குக் காட்டுங்க பாப்போம்" என்பேன். ஒருமுறை ஒரு பெரியவர், காலையில் இரண்டு, இரவில் இரண்டு சாப்பிட வேண்டிய மெட்ஃபார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரையில் காலைக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றும் எடுத்து வைத்தார். லேபிளில் 'துவா பீஜி, துவா காலி செஹாரி', அதாவது இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை என்று தெளிவாகத்தான் இருந்தது. அவர் அதில் 'துவா'வை மட்டும் பிடித்துக்கொண்டு, நாளைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டிருந்தார். மருந்து வேலை செய்யவில்லை என்று இன்சுலின் ஆரம்பிக்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. பாதி மருந்துதான் அவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது!

கவுண்டரில் இருப்பவர் அப்படிக் கேட்காவிட்டால் அப்பாவே சொல்லட்டும்: "நான் சொல்றேன், சரியான்னு பாருங்க." அது அவருடைய உரிமை. புரியும்படி சொல்வது எங்கள் வேலையில் பாதி; மருந்தை எண்ணிப் பையில் போடுவதோடு அந்த வேலை முடிந்துவிடாது.

லேபிளில் அவர் பழக வேண்டிய சொற்கள் அதிகம் இல்லை. 'செபெலும் மாக்கான்' சாப்பாட்டுக்கு முன், 'செலேபாஸ் மாக்கான்' சாப்பாட்டுக்குப் பின். 'பீலா பெர்லு' என்றால் தேவைப்பட்டால் மட்டும். வலி மருந்தில் இதைப் பார்க்கலாம். 'ஹபிஸ்கான்' என்றால் உடம்பு தேறிவிட்டாலும் மிச்சம் வைக்காமல் முடிக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக்கில் இருக்கும். ஒன்றை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்: 'செமிங்கு செகாலி', வாரத்துக்கு ஒருமுறை. மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் இப்படித்தான் வரும். அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

எழுத்தே தெரியாதவர்களுக்கு நான் மார்க்கர் பேனாவால் பையிலேயே சூரியனும் நிலாவும் வரைந்து, அதற்குக் கீழே எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போட்டுக் கொடுப்பேன். வீட்டில் நீங்களும் செய்யலாம். கிளினிக் நாளன்று, தனியார் கிளினிக்கில் வாங்கியது, சின்சே என்கிற சீன வைத்தியர் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது என்று வீட்டில் இருக்கும் அத்தனை மருந்தையும் ஒரே பையில் போட்டு அனுப்புங்கள். மறைக்க எதுவும் வேண்டாம். இனிப்பு நீர்க்காரர்களுக்கு மருந்தாளர் தனியாக உட்கார வைத்து விளக்கும் எம்.டி.ஏ.சி. என்ற ஏற்பாடு பல அரசாங்க மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் இருக்கிறது. அப்பாவுக்கு அது கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடக் கவுண்டரில் முடியாத பேச்சு அங்கே முடியும்.

கேள்வி: என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி மாதம் ஒருநாளாவது பள்ளிக்கு வருவதில்லை. விசாரித்தால், பாட்டிக்கு மலாய் தெரியாததால் கிளினிக்கில் மொழிபெயர்க்கப் போகிறாளாம். பெற்றோர் இருவருக்கும் லீவு கிடைப்பதில்லை. இதில் நான் தலையிடலாமா?
— ஆசிரியை, சுங்கை பாக்காப்

பதில்: தலையிடுங்கள் டீச்சர், ஆனால் குடும்பத்தைக் குறை சொல்லாமல். பேத்தி உதவுவது நல்ல மனசு. இருந்தாலும் பதினொரு வயதுப் பிள்ளை எதை எப்படிச் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். "கால் விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்று டாக்டர் சொல்வதைப் பாட்டியின் முகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். பயந்து பாதியை விட்டுவிடும். பாட்டியும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் இரத்தப்போக்கு, சிறுநீர்த் தொல்லை போன்றவற்றைப் பேத்தி மூலம் சொல்லவே மாட்டார். அங்கேதான் நோய் தப்பிவிடுகிறது.

பினாங்கு கிளினிக்குகளில் தமிழ் பேசுகிற மிஸ்ஸியோ (தாதியோ) டாக்டரோ மருந்தாளரோ யாராவது ஒருவர் பெரும்பாலும் இருப்பார். பதிவு செய்யும்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அம்மாவோ அப்பாவோ வேலையிடத்திலிருந்து போனில் ஸ்பீக்கரில் பத்து நிமிடம் பேசலாம்; டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். அந்தப் பிள்ளைக்குப் பாட்டியின் மருந்துப் பையில் சூரியனும் நிலாவும் வரையும் வேலையைக் கொடுங்கள். அது அவள் வயசுக்குச் சரியான வேலை.

கேள்வி: அக்கா, சென்னை டாக்டர் ஒருவரின் யூடியூப் வீடியோக்களை விடாமல் பார்ப்பவன் நான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை 140-க்கு மேல் போகக்கூடாது என்கிறார். என் மீட்டரில் 8.2 தான் காட்டுகிறது. அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 95 என்று வந்திருக்கிறது. அதற்கு அவர் 1.2-தான் எல்லை என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.
— வாசகர், பிறை

பதில்: தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். பிறகு எழுந்து சர்க்கரையைக் கவனியுங்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது உங்களுக்கு நேர் தலைகீழாக மாறியிருக்கிறது.

இந்தியாவில் இரத்தச் சர்க்கரையை ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். மலேசியாவில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று சொல்கிறோம். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். உங்கள் 8.2 அவர்கள் கணக்கில் ஏறக்குறைய 148. அவர் சொன்ன 140 நம் மீட்டரில் 7.8. ஆக, நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறீர்கள். ஏற்கெனவே இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவருக்கு இந்த அளவு மோசமில்லை. மருந்து எதுவும் எடுக்காதவர் என்றால் கிளினிக்குக்குப் போய், வெறும் வயிற்றில் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். நீங்கள் எந்த வகை என்று கடிதத்தில் எழுதவில்லை.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் அதே கதைதான். இங்கே மைக்ரோமோல், அங்கே மில்லிகிராம். நம் எண்ணை 88.4-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் 95 அங்கே சுமார் 1.07. அந்த டாக்டர் சொன்ன எல்லைக்குள்தான் இருக்கிறது. தாளில் அதற்குப் பக்கத்திலேயே இ.ஜி.எஃப்.ஆர். என்று இன்னொரு எண் இருக்கும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வயதையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்வது அதுதான். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும்.

சென்னை வீடியோக்களைப் பார்க்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கத்தரித்து ஐஸ் பெட்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை: நம் 3.9 அங்கே 70, அதற்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. நம் 7.0 அங்கே 126. நம் 10 அங்கே 180. மொத்தக் கொலஸ்ட்ரால்: நம் 5.2 அங்கே 200. இரத்த அழுத்தம் மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே அளவுகோல். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் இரண்டு இடத்திலும் விழுக்காட்டில்தான் வரும், மாற்ற வேண்டியதில்லை.

அந்த டாக்டர் சொல்வது தவறு இல்லை. தமிழில் இவ்வளவு பொறுமையாக விளக்குபவர்கள் இருப்பது நமக்குப் பெரிய கொடுப்பினை. ஆனால் அவர் பேசுவது அவர் ஊர் ஆய்வகத் தாளைப் பார்த்துப் பழகியவர்களிடம். எண்ணைப் படிக்கும்போது அதன் வலப்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் அளவையும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் இயல்பு எல்லையையும் சேர்த்தே படிக்க வேண்டும். வெறும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கேள்வி: மூன்று வருடமாக வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். இந்த முறை மஞ்சள். மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஐயா, லேபிளில் உள்ள பெயரைப் பாருங்கள். அரசாங்கம் மருந்தை டெண்டர் விட்டு வாங்குகிறது. ஒப்பந்தம் கிடைத்த கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். உள்ளே இருக்கும் மருந்து அதேதான். உங்கள் பழைய பையிலும் புதிய பையிலும் 'அம்லோடிபின் 10 மில்லிகிராம்' என்று ஒரே இரத்தக் கொதிப்பு மருந்தின் பெயரே இருந்தால் கவலை வேண்டாம். பெயரோ மில்லிகிராமோ வேறாக இருந்தால் ஒன்றையும் விழுங்காமல் போய்க் கேளுங்கள்.

மஞ்சளைக் கண்டு ஒதுக்குகிறவரைவிட, வெள்ளையில் மிச்சம் இருப்பதையும் மஞ்சளையும் இரண்டு வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுகிறவரை எண்ணித்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். தலைசுற்றி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வருவார்கள். தனியார் கிளினிக்கில் 'நோர்வாஸ்க்' என்று பெட்டியோடு வாங்கினாலும் அதுவும் அம்லோடிபின்தான். பாரசிட்டமால் அதைவிட மோசம்: பானடோலில் இருக்கும், சளி மாத்திரையில் இருக்கும், சூடாகக் கரைத்துக் குடிக்கும் தூளிலும் இருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், எடை குறைந்த வயதானவர்கள் அதைவிடக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் ஒரு மூலிகைத் தூள் விளம்பரம். 30 நாளில் இனிப்பு நீர் அடியோடு போய்விடும், அதன்பின் மருந்தே வேண்டாம் என்கிறார்கள். அம்மா 189 வெள்ளி கொடுத்து வாங்கிவிட்டார். எம்.ஏ.எல். எண் போட்டிருக்கிறது, அரசாங்கம் அங்கீகரித்தது என்று வாதாடுகிறார். முட்டி வலி கூடக் குறைந்திருக்கிறதாம். எப்படி நம்புவது?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது அம்மா. அதுவும் முட்டி வலி குறைந்தது என்ற அந்த ஒரு வரியைப் பார்த்து.

முதலில் விளம்பரம். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. இருபது நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய் எல்லாம் அதில் உண்டு. எனவே 'இனிப்பு நீர் குணமாகும்' என்ற வரியைப் பார்த்த அந்த நொடியிலேயே தூளைச் சோதிக்காமலே ஒன்று தெரிந்துவிடுகிறது: விற்பவர் சட்டத்தை மீறுகிறார். மருந்து விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியம் கொடுக்கும் அனுமதி எண் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து எம்.ஏ.எல். எண், அதாவது மருந்துப் பதிவு எண். எட்டு இலக்கத்துக்குப் பின்னால் ஓர் எழுத்து நிற்கும். ஏ என்றால் கட்டுப்பாட்டு மருந்து, எக்ஸ் என்றால் கடையில் வாங்கக்கூடிய மருந்து, டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் ஊட்டச்சத்துத் துணைப்பொருள். டி எழுத்துள்ள பொருளின் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். இனிப்பு நீரைப் போக்குமா என்று நிரூபித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல அது. போலி எண் அச்சடிப்பதும் சுலபம். அதனால் என்.பி.ஆர்.ஏ., அதாவது தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். பொருளின் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் பெட்டியில் உள்ளபடியே வர வேண்டும். பெட்டியில் 'ஃபார்மாடேக்' என்ற பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்க வேண்டும்.

இப்போது முட்டி வலி. பதிவில்லாத மூலிகைப் பொருள்களைச் சோதிக்கும்போது அவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் வலி மாயமாகக் குறையும், பசி எடுக்கும், உற்சாகமாக இருக்கும். "நல்லா வேலை செய்யுது" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். சில வாரங்களில் முகம் உப்பும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு பலமிழக்கும். இனிப்பு நீர் உள்ளவருக்குச் சர்க்கரை எகிறும். குணப்படுத்தும் என்று வாங்கிய தூளே நோயை வளர்க்கும். உங்கள் அம்மா வாங்கியதில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் வீட்டில் நீங்களாக முடிவெடுத்து நிறுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடலாம். தூளையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவருடைய வழக்கமான மருந்துகளை நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வாந்தி, மயக்கம், தாங்க முடியாத அசதி இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவைத் திட்டாதீர்கள். ஆயுசு முழுக்க மாத்திரை என்று கேட்டுக் கேட்டுச் சலித்த மனசுக்கு "30 நாள்" என்பது எவ்வளவு ஆறுதல்! அந்த ஆசையைத்தான் விலை பேசுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் கோபம். புகார் கொடுங்கள். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. படிவம் எழுதத் தயக்கமாக இருந்தால், ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய்க் கேளுங்கள்; பல காலமாகத் தமிழிலும் மக்களிடம் பேசி வருபவர்கள். வாட்சப்பில் சுற்றி வரும் செய்தி என்றால், தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம்.

கேள்வி: மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டே கிட்னி போய்விடும் என்று என் அண்ணன் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்புதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அவர் சொல்வது உண்மையா?
— வாசகர், ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர்

பதில்: இல்லை. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு டாக்டர் அளவைக் குறைப்பார், இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். ஜனங்கள் பார்ப்பது இதைத்தான்: "கிட்னி போச்சு, மருந்தை நிறுத்திட்டாங்க." அதை வைத்து மருந்தால்தான் போனது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிறுநீரகத்தைத் தின்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீர்தான் காரணம்.

கிட்னிக்குப் பயந்து மெட்ஃபார்மினை ஒதுக்கும் அதே ஆள், முதுகு வலிக்கு போன்ஸ்டானும் வோல்டரனும் கடையில் வாங்கி வாரக்கணக்கில் போடுவார். நீண்ட நாள் எடுத்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை அவைதான். அண்ணன் அப்படி எதுவும் எடுக்கிறாரா என்று கேளுங்கள்.

ஒரு வார ஒழுங்கால் டாக்டரிடமிருந்து எதையும் மறைக்கவும் முடியாது. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். மருந்து பத்தவில்லை என்று டாக்டர் இன்னொன்றைக் கூட்டுவார், அதையும் அண்ணன் சாப்பிட மாட்டார். இப்படியே போகும். வயிற்றைப் புரட்டுவதால் நிறுத்தியிருந்தால், சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. "மருந்தைச் சாப்பிடவில்லை" என்று உண்மையைச் சொல்லும் நோயாளியிடம் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவருக்குத்தான் எதையாவது மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது.

கேள்வி: தினமும் சோசேஜ் சாப்பிட்டால் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடும் என்று படித்தேன். பிள்ளைகள் காலையில் அதைத்தான் கேட்கிறார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு வருமா?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அப்படி இல்லை. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட தகவல் அது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடும் என்றார்கள். எதிலிருந்து கூடும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பேச்சுக்கு, சாப்பிடாத 100 பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் 18 விழுக்காடு ஏறக்குறைய ஒன்று. தினமும் சாப்பிடும் 100 பேரில் 6 பேருக்கு வரும். நூற்றுக்கு ஒருவர் கூடுதல்.

இதே கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பெரிய துயரம் நடந்திருக்கிறது. 1995-இல் பிரிட்டனில், சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தார்கள். உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு என்றிருந்தது இருவருக்கு என்றாகியிருந்தது. பயந்துபோய் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம்! "இரண்டு மடங்கு", "பாதியாகக் குறையும்" என்று எந்த விளம்பரமோ செய்தியோ சொன்னாலும் "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள்.

சோசேஜ் பற்றி என் அபிப்பிராயம்: தினமும் வேண்டாம், எப்போதாவது பரவாயில்லை. உப்பும் அதில் அதிகம்.

கேள்வி: இரண்டு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் மருந்து 'ஒரு ஸ்பூன்' என்றார்கள். எந்த ஸ்பூன்?
— இளம் தாய், பாயான் பாரு

பதில்: சமையலறை ஸ்பூன் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. ஃபார்மசியில் மருந்து ஊட்டும் ஊசியில்லாத சிரிஞ்ச் கேளுங்கள், கோடு போட்டிருக்கும். 'ஒரு ஸ்பூன்' என்று யாராவது சொன்னால் "எத்தனை மில்லி?" என்று திருப்பிக் கேளுங்கள். பாட்டிலையும் பாருங்கள். பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கிளினிக்கில் கொடுத்த பாட்டில் தீர்ந்து, கடையில் வேறு பாட்டில் வாங்கி அதே அளவு ஊற்றினால் குழந்தைக்கு இரண்டு மடங்கு போய்விடும். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. பையனை எடை போட்டு, எண்ணையும் தேதியையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள், மருந்தாளர் மில்லியில் கணக்கிட்டு பாட்டில் மேலேயே எழுதிக் கொடுப்பார். தவறிப்போய் அதிகம் குடித்துவிட்டால் குழந்தை நன்றாக விளையாடினாலும் காத்திருக்க வேண்டாம். பாரசிட்டமால் அதிகமானால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வெளியே தெரியும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நம் குளுகோரில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையம் இத்தகைய விஷயங்களுக்குத் தொலைபேசியில் வழிகாட்டும். அதன் எண்ணையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.